ஐயரைக் கடித்த செருப்புகள்

முன்னொரு காலம் என்று சொல்லும் அளவுக்குப் பழைய கதை இல்லை இது. கடலோரத்தில் உப்பு விளைகிற ஓர் ஊரில் ஒரு வேதக்கோவில் இருந்தது. அதற்கு ஒரே வாசல். உப்பளத்து முதலாளி ஆனாலும், உப்புச் சுமக்கிறவள் ஆனாலும், அந்த வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். குருவானவருக்கும் அதே சட்டம்தான்.

அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்று அழைப்பது வழக்கம். அருமைநாயகம் ஐயர் அங்கே வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் ஊரே லாரி பிடித்துப் போய்ப் பேராயர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடும். கடைசியில் பேராயருக்கே அலுத்துவிட்டது. அந்த ஊரையும் ஐயரையும் ஒன்றாகவே விட்டுவிட்டார்.

ஐயரிடம் ஒரு ஜோடி மாட்டுத்தோல் செருப்பு இருந்தது. சந்தையில் அளவெடுத்துத் தைத்தது. வலது செருப்பை முதலில் தைத்ததால் அது அண்ணன். இடது, தம்பி. மூன்று தடவை அடி மாற்றியாகிவிட்டது. வார் மட்டும் பழைய வார். அண்ணன் நிதானம். தம்பிக்கு எதிலும் அவசரம்.

தம்பிக்கு ஒரு தீராத ஆசை உண்டு. ஒரு தடவையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஐயர் பிரசங்கம் சொல்வதும் ஜனங்கள் பாடுவதும் கதவு வழியாகக் கேட்குமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

"அண்ணே, உள்ள தங்கத்துல தரை போட்டிருக்குமோ?"

"ஏல, சிமெண்டுத் தரை. அதுலயும் ரெண்டு இடத்துல விரிசல். பேசாம கெட" என்று அண்ணன் சொல்லும்.

ஆராதனை நடக்கிற ஒன்றரை மணி நேரமும் வாசலில் இன்னொரு ஆராதனை நடக்கும். ஊர்ச் செருப்பெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து பேசும். வாத்தியார் செருப்பு யாரைப் பார்த்தாலும் திருத்தும். எண்ணெய்க் கடைக்காரர் செருப்பு வழுக்கிக்கொண்டே பேசும். எல்லாவற்றிலும் சுத்தமாக வந்து கிடப்பவை உப்பளத் தெருச் செருப்புகள்தான். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். வாரம் முழுக்க உப்புப் பாத்தியில் வெந்து வெள்ளை பூத்துக் கிடக்கிற செருப்புகள் அவை. ஆனால் அந்தத் தெருமுனையில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்பு, நடுவில் அது மட்டும் எப்படியோ இனிப்பாகச் சுரந்தது. கோவிலுக்குப் புறப்படுமுன் ஆளுக்கொரு வாளி இறைத்துக் காலையும் செருப்பையும் கழுவிக்கொண்டு வருவது அந்தத் தெருவின் வழக்கம். அந்தச் செருப்புகள் கிடக்கிற இடம் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான்.

ஐயருக்கு ஒரு பழக்கம். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் வாசலுக்கு வந்து நின்றுகொள்வார். கைகுலுக்குவார், சிரிப்பார். ஆனால் கண் மட்டும் செருப்புக் குவியலில் இருக்கும். எந்தச் செருப்பு வரவில்லை, எது ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, எது புதிதாக நொண்டுகிறது என்று பார்ப்பார். ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்க மாட்டார். திங்கட்கிழமை காலையில் நடக்கக் கிளம்பிவிடுவார்.

அங்கேதான் செருப்புகளின் வேலை ஆரம்பிக்கும். மனிதரிடம் பேசச் செருப்புக்கு வாய் இல்லை. கடிக்க மட்டும் தெரியும். ஐயர் யோசனையில் ஏதாவது வீட்டைத் தாண்டிப் போய்விட்டால், தம்பி வெடுக்கென்று பெருவிரல் ஓரத்தில் கடிக்கும். ஐயர் முனகிக்கொண்டே நின்று, குனிந்து, காலைத் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அந்த வீட்டு வாசல் இருக்கும்.

அப்படித்தான் ஒரு தடவை ஞானப்பூ வீட்டு முன்னால் நின்றார். ஞானப்பூ உப்பளத் தெருவில் தனியாக இருக்கிறவள். அவளுடைய நீல ரப்பர் செருப்பு இரண்டு வாரமாகக் கோவில் வாசலில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் உப்பு அறுத்த புண்ணில் சீழ் வைத்து, முழங்கால் வரை வீங்கிக் கிடந்தாள். சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார். காலை எடுக்காமல் பிழைத்துக்கொண்டாள். திரும்பக் கோவிலுக்கு வந்த அன்று நீலச் செருப்பின் வார் வாசலிலேயே பிய்ந்துபோயிற்று. ஐயர் தம் அங்கியின் கச்சையில் குத்தியிருந்த பெரிய பித்தளை ஊக்கைக் கழற்றி, தரையில் உட்கார்ந்து, வாரைச் சேர்த்துக் குத்திக் கொடுத்தார்.

"இது எங்க ஊர்லயே பெரிய நகை, ஐயா" என்றாள் ஞானப்பூ.

அன்றிலிருந்து நீலத்துக்குத் தலைகால் புரியவில்லை. குவியலில் எங்கே கிடந்தாலும் அண்ணன் தம்பிக்குப் பக்கத்தில் வந்து கிடக்கும்.

இப்படியே போயிருந்தால் கதை இல்லை. வடக்கே ஒருவர் முதல் இறால் பண்ணையை வெட்டினார். கடல் தண்ணீரை இழுத்துக் குட்டைகளில் தேக்கினார். அடுத்த கோடையில் உப்பளத் தெருக் கிணற்றில் லேசாகக் கரிப்புத் தட்டிற்று. ஐயர் மனு எழுதினார். அதிகாரிகள் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். கரையோரம் முழுக்கப் பண்ணைகளுக்கு அனுமதி தர ஒரு சட்டம் வரப்போகிறது, அதை நிறுத்த வேண்டுமென்றால் சட்டசபையில்தான் முடியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அப்போது தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கட்சிக்கு அந்தத் தொகுதியில் நிறுத்த நல்ல பெயருள்ள ஆள் தேவைப்பட்டது. ஐயரைக் கேட்டார்கள். மூன்று நாள் ஐயர் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அங்கியை மடித்துப் பேராயரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று உப்பளத் தெருவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். இந்தக் கிணறு கரிக்க விடமாட்டேன். அதற்காகத்தான் போகிறேன் என்றார்.

செருப்புகளுக்கு அதைவிடப் பெரிய திருவிழா வாழ்க்கையில் வந்ததில்லை. நாற்பத்திரண்டு கிராமம். நடை, நடை, நடை. தம்பி ஒரு தெருவைத் தாண்டவிடவில்லை. ஐயர் கால் முழுக்கப் பிளாஸ்திரி. மற்ற வேட்பாளர்கள் ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டே போனார்கள். இவர் நொண்டிக்கொண்டே ஒவ்வொரு வாசலிலும் நின்றார். எண்ணி முடித்தபோது ஐயர் ஜெயித்திருந்தார். நீலம் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தில் ஊக்கு தெறித்துவிடும் போல இருந்தது.

"அண்ணே, சட்டசபைக்குள்ள செருப்புப் போட்டுட்டுப் போலாமாம். எல்லாரும் அப்படித்தான் போவாங்களாம்" என்றது தம்பி. "நாம உள்ள போகப் போறோம்."

"பேசாம கெட" என்றது அண்ணன். ஆனால் அதற்கும் அன்று உள்ளூர ஒரு துடிப்பு இருந்தது.

முதல் நாள் வந்தது. சட்டசபைக் கட்டடத்தின் படிகள் அகலமாக இருந்தன. மேலே ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கில் ஒரு மரக்கதவு. ஐயர் படியேறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி அடித்தது. பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். பெரிய கதவு, மணிச் சத்தம், அமைதி. பதினாறு வருஷத்துப் பழக்கம் ஐயரைக் கேட்காமலே வேலை செய்தது. கால்கள் தாமாகச் செருப்பை உதறின. ஐயர் வெறுங்காலோடு உள்ளே நடந்து போய்விட்டார்.

"இங்கேயுமா?" என்றது தம்பி.

அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பாதி வழியில்தான் ஐயருக்கே தெரிந்தது. திரும்பி வரலாம் என்று பார்த்தார். அதற்குள் பளிச் பளிச்சென்று படம் எடுத்துவிட்டார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் ஐயரின் பாதங்கள். சட்டசபையைக் கோவிலாக மதிக்கும் உறுப்பினர் என்று எழுதியிருந்தார்கள். ஐயர் அது வெறும் மறதி என்று சொல்லப் போனார். கட்சியின் கொறடா தடுத்துவிட்டார். கொறடா என்பவர் தம் கட்சி உறுப்பினர்கள் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறவர். பெயர் திரவியராஜா. மனிதர் கெட்டவர் இல்லை, காரியக்காரர்.

"ஐயா, நாங்க கோடி கொட்டினாலும் இப்படி ஒண்ணு அமையாது. தானா அமைஞ்சிருக்கு. அப்படியே விட்டுருங்க" என்றார்.

ஐயர் அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அதே கட்சியில் ஏழு உறுப்பினர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். ஐயர் செய்வதையெல்லாம் செய்தால் ஐயருக்கு விழுந்த ஓட்டு நமக்கும் விழும் என்பது அவர்கள் எண்ணம். அவர் கைகூப்பினால் கூப்புவார்கள். அவர் எழுந்தால் எழுவார்கள்.

ஐயர் இனிப் போகிற இடமெல்லாம் வெறுங்கால்தான் என்று கட்சி முடிவு செய்தது. வெறுங்கால் உறுப்பினருக்குக் கால் நோகலாமா? கட்சிக்காரர்கள் கம்பளம் விரிக்க ஆரம்பித்தார்கள். காரிலிருந்து மேடைக்கு, மேடையிலிருந்து விருந்துக்கு, விருந்திலிருந்து காருக்கு. சிவப்புக் கம்பளம், தடித்தது, மெத்தென்றது. அது தேன் ஒழுகப் பேசும்.

"வாங்க ஐயா. மெதுவா வைங்க. பாவம், எத்தனை வருஷம் கடி வாங்கின கால். நான் கடிக்கவே மாட்டேன்."

காலும் அதை நம்பியது. ஐயரின் காய்ப்புகள் உதிர்ந்தன. பாதம் பஞ்சு போல ஆயிற்று. செருப்புகளை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் பெயர் பெற்ற செருப்பு. தூக்கி எறிய மனம் வரவில்லை. சபை நடக்கிற நாட்களில் வாசலில் ஒரு பலகைமேல் வைப்பார்கள். மற்ற நாட்களில் கார் இருக்கைக்கு அடியில் கிடக்கும்.

ஒரு தடவை ஐயர் உப்பளத் தெருவுக்குப் போனார். பொதுக்கூட்டம். காருக்கும் மேடைக்கும் நடுவே கம்பளம் நீளமாகக் கிடந்தது. அது போன வழி ஞானப்பூ வீட்டைத் தொட்டுக்கொண்டுதான் போனது. ஞானப்பூ வாசலில் ஒரு சொம்போடு நின்றாள். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நின்றாள். கார் இருக்கைக்கு அடியில் தம்பி துள்ளிக் குதித்தது.

"கடிக்கணும் அண்ணே, இப்பக் கடிக்கணும்!"

"கால் இருந்தால்லா கடிக்க" என்றது அண்ணன்.

ஐயர் ஞானப்பூவைப் பார்த்துக் கையசைத்தார். ஞானப்பூவும் சொம்பைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் கம்பளம் அவரை மேடைக்குக் கொண்டுபோய்விட்டது. அவர் நன்றாகத்தான் பேசினார். கிணற்றைப் பற்றியும் பேசினார். கிணற்றைப் பற்றிப் பேசிவிட்டு, கிணற்றைப் பார்க்காமல் திரும்பினார்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு அந்த மசோதா வந்தது.

கரையோரம் முழுக்க இறால் பண்ணைக்கு அனுமதி தருகிற மசோதா. ஐயருடைய கட்சியே கொண்டுவந்தது. நூறு பக்கம். கிணற்றின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கொறடா ஐயரைத் தனியாகக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். மந்திரிசபையில் ஓர் இடம் காலியாகிறது, மேலே ஐயர் பெயரைத்தான் யோசிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பதவியேற்பு. மந்திரியாகிவிட்டால் ஒரு கிணறு என்ன, ஒன்பது குடிநீர்த் தொட்டி கட்டலாம். இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஐயர் யோசித்தார். ஒன்பது தொட்டி என்பது நியாயமாகத்தான் பட்டது. சரி என்று தலையாட்டினார்.

அன்று சபை கூடியது. பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு ஐந்து பெண்கள் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ஞானப்பூவும் அவள் தெருக்காரர்களும். படியேறி வந்தவர்கள் அந்தப் பெரிய கதவைப் பார்த்தார்கள். வாசலில் ஐயர் செருப்பு பலகைமேல் இருந்தது. சுற்றிலும் ஏழு ஜோடி. அவர்களுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை. அங்கேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு மாடிப்படி ஏறிப் பார்வையாளர் மாடத்துக்குப் போனார்கள்.

பலகைமேல் தூங்கிக்கொண்டிருந்த தம்பி கண்விழித்தது.

"அண்ணே! நீலம்!"

மூன்று வருஷத்துப் பேச்சு ஒரே மூச்சில் நடந்தது. யார் எப்படி இருக்கிறார்கள், எண்ணெய்க் கடைக்காரர் செருப்புக்கு என்ன ஆயிற்று, புதிதாக வந்த ஐயர் ஷூ போடுகிறவராமே, எல்லாம். கொறடாவின் கறுப்பு ஷூவும் அங்கே கிடந்தது. கொறடா ஷூவைக் கழற்றுகிறவர் இல்லை. அன்று காலை அது ஈரமாகிவிட்டதால் வேறு ஷூ மாற்றிக்கொண்டு, இதை வாசலில் காயவைத்திருந்தார். கறுப்பு ஷூவுக்கு நீலம் பக்கத்தில் கிடப்பது பிடிக்கவில்லை.

"தள்ளிப் படு. என்ன இது மேலெல்லாம் வெள்ளை? குளிக்கிறதில்லையா?"

நீலம் ஓர் அங்குலம் தள்ளிப் படுத்தது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"கழுவத் தண்ணி இல்ல."

அண்ணன் அதை உற்றுப் பார்த்தது. வார் முழுக்க உப்பு. அடியில் உப்பு. ஐந்து ஜோடியும் அப்படித்தான். வாசலில் அவை கிடந்த இடம் காய்ந்து கிடந்தது.

"கிணறு?" என்று கேட்டது அண்ணன்.

"கரிக்கு. விடியுமுன்ன ஊறுற ரெண்டு குடம்தான் வாயில வைக்க முடியும். அது குடிக்கத்தான். காலைக் கழுவினா பாவம்னு ஞானப்பூ சொல்லிட்டா. அதுலயும் இன்னைக்கு இந்தச் சட்டம் வந்துட்டா, தெருவையே காலி பண்ணணும். ஐயர்கிட்டச் சொல்லலாம்னு வந்தோம். கீழ விடல. மாடத்துல உக்காந்து பாக்கலாம், பேசக் கூடாதாம்."

தம்பி பலகைமேல் தவித்தது. "நாங்க கடிச்சா நிப்பாரு. ஆனா அவரு கால்ல நாங்க இல்லையே."

அப்போது வாசல் ஊழியர் வந்தார். பெரிய மனிதர்கள் தேநீருக்கு வெளியே வருகிற நேரம். ரப்பர் செருப்புகள் அலங்கோலமாகக் கிடப்பதைப் பார்த்து, ஓரமாகப் போகட்டும் என்று காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். நீலம் சறுக்கிக்கொண்டு போய், ஐயருக்காக வாசலில் விரித்திருந்த கம்பளத்தின் விளிம்பில் மல்லாந்து விழுந்தது. விழுந்த வேகத்தில் ஊக்கு வாய் திறந்துகொண்டது.

கதவு திறந்தது. கொறடா ஐயரின் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே வந்தார். கம்பளம் குழைந்தது. "வாங்க ஐயா, மெதுவா வைங்க, இன்னும் நாலே எட்டு."

மூன்றாம் எட்டில் ஐயர் அலறிவிட்டார்.

பஞ்சு போன்ற பாதத்தில் ஊக்கு ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஐயர் ஒற்றைக் காலில் நின்று, தடுமாறி, படியில் உட்கார்ந்துவிட்டார். ஊழியரைக் கொறடா வாய்க்கு வந்தபடி ஏசினார். ஐயர் ஊக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். பித்தளை. பச்சை பூத்திருந்தது. தலைப்பக்கத்தில் ஒரு சின்ன நசுங்கல். எத்தனையோ வருஷம் ஞாயிறுதோறும் தம் விரலால் தடவிப் பழகிய நசுங்கல்.

பிறகு அவர் வாசலைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு செருப்புக் குவியலைப் பார்த்தார். பழைய கண் திறந்துகொண்டது. ஐந்து ஜோடி. உப்பளத் தெரு. நீலம், ஞானப்பூ. ஏன் இவ்வளவு வெள்ளை? இவர்கள் கழுவாமல் வாசலுக்கு வருகிறவர்கள் இல்லையே. குனிந்து செருப்புகளுக்கு அடியில் தரையைத் தொட்டார். காய்ந்த தரை.

அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. ஐயர் எழுந்தார். பலகையை எட்டிப் பழைய செருப்பை எடுத்துக் கீழே போட்டார். கால் வைத்தார். மூன்று வருஷம் காய்ந்து விறைத்துப்போன தோல். அண்ணனும் தம்பியும் மூன்று வருஷத்துக் கடியையும் ஒரே சமயத்தில் கடித்தன. ஐயரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயா, என்ன பண்றீங்க? கழட்டுங்க. உள்ள நேரலை ஓடுது. ஊரே பாக்கும்" என்றார் கொறடா.

"பாக்கட்டும்."

"வெள்ளிக்கிழமையை நெனச்சுப் பாருங்க."

"திங்கட்கிழமையை நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஐயர் நடந்தார். கம்பளம் காலைக் கட்டிப் பார்த்தது. நான் என்ன குறை வைத்தேன் என்று அழுதது. தோல் அடி அதை மிதித்துக்கொண்டு போயிற்று.

தம்பி உள்ளே வந்துவிட்டது. முதல் தடவை. எத்தனை வருஷ ஆசை. ஆனால் தரையைப் பார்க்க அதற்கு நேரமில்லை. கடிப்பதில் மும்முரமாக இருந்தது.

சரக் சரக்கென்று நொண்டிக்கொண்டு வருகிற வெறுங்கால் உறுப்பினரின் காலைச் சபையே எட்டி எட்டிப் பார்த்தது. மசோதாவைச் சபாநாயகர் ஓட்டுக்கு விடப்போகிற நேரம். ஐயர் இருக்கைக்குப் போகவில்லை. வழியிலேயே நின்று கையைத் தூக்கினார்.

"நான் இந்தச் சபைக்குள்ள மூணு வருஷம் செருப்பில்லாம நடந்தேன். மரியாதைன்னு எழுதினாங்க. மரியாதை இல்லைங்க. முதல் நாள் அது மறதி. அதுக்கப்புறம் அது பெரிய மறதி."

யாரோ சிரித்தார்கள். ஐயர் அவரைப் பார்த்துத் தாமும் சிரித்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார். இந்த மசோதாவை ஒரு குழுவுக்கு அனுப்புங்கள். குழு எங்கள் ஊருக்கு வரட்டும். ஒரு கிணறு இருக்கிறது. அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள். வரும்போது காரைக் கோவில் பக்கம் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

இதை ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் சபாநாயகர். எதிர்க்கட்சிக்காரர்கள் உற்சாகமாக எழுந்தார்கள். ஆனால் அவர்கள் மட்டும் போதாது. அப்போது அவர் கட்சி வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். ஏழு பேர். மூன்று வருஷமாக ஐயர் செய்வதையெல்லாம் செய்துவந்த ஏழு பேர். ஐயர் நிற்கிறார் என்றால் நிற்க வேண்டியதுதான். அவர்களுக்கு அது பழகிவிட்டது. கடைசியாக எழுந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், எதுக்குய்யா நிக்கிறோம் என்று கேட்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. உட்காரச் சொல்லிக் கொறடா கையை ஆட்டினார். அவர்கள் அவரைப் பார்க்கவில்லை. ஐயர் உட்கார்கிறாரா என்று ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் உட்காரவில்லை.

மேலே மாடத்தில் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து பெண்களும் பேசவில்லை. கோவிலில் ஜெபம் தொடங்கும்போது செய்வதுபோல முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள்.

மசோதா குழுவுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பதவியேற்பு நடந்தது, வேறொருவர் மந்திரியானார். குழு ஊருக்கு வந்தது. பதினோரு பேர், பதினோரு ஜோடி ஷூ. உப்புப் பாத்தி வரப்பில் நடந்து வந்தார்கள். கிணற்றடிக்கு வருவதற்குள் ஷூக்களின் தையலில் உப்பு ஏறிவிட்டது. கொறடாவின் கறுப்பு ஷூவும் அதில் ஒன்று. கழுவத் தண்ணீர் கேட்டார் அவர். ஞானப்பூ ஒரு சொம்பு கொடுத்து, கழுவுமுன் ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொன்னாள். குடித்தார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தே மற்றப் பத்துப் பேரும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெருவில் இன்றும் சொல்வார்கள். மசோதாவிலிருந்து அந்தக் கரை நீக்கப்பட்டது. வடக்குப் பண்ணை மூடப்பட்டது. இரண்டு மழைக்காலம் கழித்துக் கிணற்றில் கரிப்பு இறங்கத் தொடங்கிற்று.

அடுத்த தேர்தலில் கட்சி ஐயருக்கு இடம் தரவில்லை. அங்கியும் இல்லை, கொடியும் இல்லை. கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆராதனை முடிந்ததும் மட்டும் பழக்கத்தில் முதல் ஆளாக வாசலுக்கு வந்து நின்றுவிடுவார். ஊர்தான் அவரைச் சும்மா விடவில்லை. தனியாக நில்லுங்கள் என்றது. நின்றார். சின்னம் என்ன வேண்டும் என்று தேர்தல் அதிகாரி பட்டியலை நீட்டினார். ஐயர் அதில் ஒரு ஜோடி செருப்பைத் தொட்டுக் காட்டினார். எதிராளிகள், செருப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஊரா இது என்று மேடைக்கு மேடை கேலி செய்தார்கள். எண்ணி முடித்தபோது, ஆமாம், அப்படிப்பட்ட ஊர்தான் என்று தெரிந்தது.

ஜெயித்த அன்று மாலையும் கழுத்துமாக ஊருக்குள் நொண்டி நொண்டி வந்தார். அவர் கால் படுகிற பாட்டைப் பார்த்துச் சகிக்காத யாரோ பட்டணத்திலிருந்து ஒரு புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார்கள். மெத்தை வைத்தது. கையால் அமுக்கினால் உள்ளே போய் வெளியே வந்தது. ஐயர் அதை ஆசையாகப் பார்த்தார். ஒரு காலை எடுத்து வைக்கவும் போனார். அண்ணனும் தம்பியும் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானப்பூ முன்னால் வந்தாள். இப்போதுதான் கழுவிய நீலச் செருப்பு அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அது வேண்டாம் ஐயா. கடிக்காத செருப்பு எங்க தெரு வரைக்கும் வராது."